தொட்டிக்கு இரண்டு மூடி

முயலுக்கு வியர்க்காது. ஐம்பத்தாறு வயதில்தான் இது எனக்குத் தெரியவந்தது. தெரியாமலே காலம் தள்ளியிருந்தாலும் எனக்கு ஒன்றும் குறைந்துபோயிருக்காது. உடம்புச் சூட்டை அது பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியே விடுகிறது. வெயில் ஏறினால் காது சிவந்து, நரம்பு புடைத்து, தொட்டால் சுடும். ஈரத்துணியைப் பிழிந்து ஒவ்வொன்றாகத் துடைத்துவிட வேண்டும். எங்களிடம் பெட்டையும் ஆணுமாக எழுபது முயல்கள் இருந்தன. நூற்று நாற்பது காது. கடைசிக் காதைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால் முதல் கூண்டில் இருப்பது மறுபடியும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். என் இடுப்பு அந்தக் கூண்டு வரிசைகளுக்கு நடுவில்தான் போனது.

புனே குளிர்ச்சியான ஊர் என்று வெளியூர்க்காரர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைப் பிடித்து ஏப்ரல் மாதத்தில் மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு தகரக் கொட்டகைக்குள் நிறுத்திவைக்க வேண்டும். கொட்டகையைச் சுற்றிக் கோணிப்பை கட்டி மணிக்கு ஒரு தடவை நனைப்போம். பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் உறையவைத்துக் கூண்டுக்குள் போட்டால் முயல் அதன்மேல் சாய்ந்து படுக்கும். பகலில் தீவனம் வைத்தால் தொடாது. அதனால் விடிவதற்கு முன்னால் ஒரு தடவை, பொழுது சாய்ந்த பிறகு ஒரு தடவை. இவ்வளவையும் செய்தது நாங்கள் இரண்டே பேர். அவருக்கு அறுபத்தொன்று.

அவர் என்றால் என் வீட்டுக்காரர். ஆகுர்டியில் ஒரு வண்டித் தொழிற்சாலையில், பெயிண்ட் அடிக்கிற பிரிவில், முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். அந்த பெயிண்ட் வாடையில் மூக்கு அடியோடு செத்துப்போய்விட்டது. சாம்பார் தீய்ந்தாலும் தெரியாது, கேஸ் கசிந்தாலும் தெரியாது. கூட வேலை பார்த்தவர்கள் ஓய்வு பெற்றதும் ஃப்ளாட் வாங்கினார்கள், கோயில் கமிட்டியில் சேர்ந்தார்கள், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூட பஸ் ஏற்றினார்கள். இவர் ஆறாவது மாதம் ஒரு நாள் வந்து, முயல் வளர்க்கப் போகிறேன் என்றார். ஏன் முயல் என்று கேட்டேன். அது சத்தம் போடாது என்றார். முப்பத்திரண்டு வருஷம் மிஷின் சத்தத்தில் நின்ற மனுஷன். அதற்கு மேல் என்ன சொல்ல?

வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, ஆகுர்டியிலிருந்து பைக்கில் முக்கால் மணி தூரத்தில் ஒரு விவசாயியின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தோம். கொட்டகை, அதை ஒட்டி எங்களுக்கு ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. எங்கள் ஒரே பெண் வானவடியில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை. லிஃப்ட் வைத்த கட்டடம், நாலாவது மாடி. எங்களுக்கென்று ஓர் அறையை ஒழித்து வைத்துவிட்டு, ஜன்னலுக்கு எந்தத் திரை போடலாம் என்று இரண்டு போட்டோ அனுப்பினாள். நீலம் போடச் சொன்னேன். போட்டுவிட்டாள். அந்த நீலத் திரைக்குப் பின்னால் ஃபேனைப் போட்டுக்கொண்டு காலை நீட்டிப் படுப்பதைப்பற்றி நான் யோசிக்காத மத்தியானம் கிடையாது.

போன வருஷக் கோடையில்தான் முதல் அடி விழுந்தது. பால் மறந்த குட்டிகளில் சிலவற்றுக்கு வயிறு போக ஆரம்பித்தது. வெயில் காலத்தில் முயலுக்கு முதலில் கெடுவது வயிறுதான். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கால்நடை டாக்டர் போனை எடுக்கவில்லை. கோழிப் பண்ணைகளில் தண்ணீரிலேயே ஆன்டிபயாட்டிக் கலந்து வைப்பதை இவர் பார்த்திருக்கிறார். பல் வலிக்கு வாங்கிய ஆன்டிபயாட்டிக் காப்ஸ்யூல் வீட்டில் இரண்டு அட்டை மிச்சம் இருந்தது. மனுஷனுக்குக் கொடுக்கிற மருந்து முயலை என்ன செய்துவிடும் என்று ஒவ்வொன்றாக உடைத்துத் தண்ணீரில் கரைத்தார். குட்டிகளுக்குக் கொடுத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று தாய்களுக்கும் கொடுத்தார்.

மூன்றாம் நாளிலிருந்து சாக ஆரம்பித்தன. குட்டிகள் மட்டுமில்லை, நன்றாக இருந்த தாய்களும். அந்த வாரம் முடிவதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டன. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, அட்டையை வாங்கிப் படித்தார். பிறகு மராட்டியில் பொறுமையாகச் சொன்னார். முயல் தின்னும் புல்லையும் தழையையும் செரிக்கவைப்பதே அதன் குடலில் வாழும் நல்ல கிருமிகள்தான். இந்த மருந்தை வாய்வழியாகக் கொடுத்தால் முதலில் அவை செத்துப்போகும். அந்த இடத்தைக் கெட்ட கிருமி பிடித்துக்கொண்டு விஷத்தைக் கக்கும். ஆன்டிபயாட்டிக்கே கூடாது என்பதில்லை, எது, எவ்வளவு, எப்படி என்று தெரிந்தவர் ஊசியாகப் போடலாம், ஆனால் இதை மட்டும் கொடுத்திருக்கக் கூடாது என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

குழியை இவரே வெட்டினார். என்னைக் கிட்டே வரவிடவில்லை. வேலை முடிந்து கை கழுவ உட்கார்ந்தவர் வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. "என் கையாலயே குடுத்தேன்" என்றார். அதற்குப் பிறகு ஒரு மாதம் ஸ்பூனால்தான் சாப்பிட்டார். ரசம் சாதத்தை ஸ்பூனால் சாப்பிடுவதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது, அழுகையும் வந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

மிச்சம் இருந்தவை மழையிலும் குளிரிலும் பெருகின. அடுத்த கோடைக்கு என்ன செய்வது என்று கேட்டு டாக்டரை இவர் துளைத்து எடுத்துவிட்டார். மருந்தைத் தேடி ஓட வேண்டிய நிலைமையே வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சில விஷயங்களைச் சொல்லிக்கொடுத்தார். முருங்கைக்கீரையை நிழலில் உலர்த்திப் பொடித்துத் தீவனத்தில் சேர்க்க வேண்டும். கொஞ்சம் பூண்டுப் பொடி. வெயில் ஏறும் நாட்களில் தண்ணீரில் வைட்டமின் சி. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வெள்ளைப் பொடி. அதில் உயிருள்ள நல்ல கிருமிகள் தூங்கிக்கொண்டிருக்குமாம், தண்ணீரில் கரைத்ததும் விழித்துக்கொள்ளுமாம். தயிரில் இருப்பது போலத்தான் என்று டாக்டர் சொன்னதால் எங்கள் வீட்டில் அதற்குத் தயிர்ப்பொடி என்று பெயராகிவிட்டது. அந்தத் தயிர்ப்பொடி டப்பாவை இவர் துணியில் சுற்றி, அறையிலேயே குளிர்ச்சியான மூலையில், சாமி படத்துக்குக் கீழே வைத்தார். முருங்கைக்கீரை முழுவதும் முயலுக்குப் போனது. எனக்குப் பொரியலுக்கு ஒரு பிடி கேட்டால், இரு, அதுங்களுக்கு மீறினால் பார்க்கலாம் என்பார்.

பிப்ரவரியில் ஒரு நாள் சாயங்காலம், தீவனம் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவர் தானாகவே பேச்சை எடுத்தார். இந்த வெயிலில் மருந்துப் பக்கமே போகாமல் இவற்றைக் கரையேற்றிக் காட்டுகிறேன் என்றார். முடியாவிட்டால் கூண்டுகளை விற்றுவிட்டுப் பெண் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். "இந்த ஒரு வெயில். தாண்டலைன்னா சோடு, நானே வந்துடுறேன். எதுக்கும் லாயக்கில்லாத கைன்னு நானே ஒத்துக்கறேன்." சோடு என்றால் விட்டுவிடு. எங்கள் வீட்டுத் தமிழில் பாதி இப்படித்தான் இருக்கும். கடைசியில் அந்தக் கையைப்பற்றிச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் என் மனசு நீலத் திரைக்குப் போய்விட்டு வந்ததை மறைப்பானேன்.

வேலையை நாங்கள் பிரித்து வைத்திருந்தோம். தொட்டி என் பொறுப்பு, தீவனமும் பொடியும் அவர் பொறுப்பு. மோட்டாரைப் போட்டுப் பெரிய தொட்டியை நான் நிரப்புவேன். ஒவ்வொரு வரிசையின் தலைப்பிலும் ஒரு வாளி தொங்கும். அதிலிருந்து குழாய் இறங்கிக் கூண்டுக்குக் கூண்டு ஒரு முனையில் சொட்டும். தொட்டித் தண்ணீரை வாளிகளில் பிடித்து, பொடியைக் கலந்து, குச்சியால் கிண்டிவிடுவது அவர் வேலை. அவர் தொட்டிப் பக்கம் வருவதில்லை, நான் பொடியைத் தொடுவதில்லை. ஒருவர் வேலையில் மற்றவர் மூக்கை நுழைக்காததால்தான் எங்கள் குடித்தனம் இத்தனை வருஷம் ஓடியது.

மார்ச் கடைசியில் போர் கிணறு வற்றிவிட்டது. டேங்கர் வரவழைத்தோம். வந்த தண்ணீர் லேசாகப் பச்சை ஓடியிருந்தது. எந்தக் கிணறு என்று கேட்டால் டிரைவர் கையை ஒரு திசையில் வீசிக் காட்டினார். அவ்வளவுதான். அடுத்த நாள் காலையிலிருந்து தொட்டியில் குளோரின் மருந்தைப் பாட்டில் மூடியால் அளந்து ஊற்ற ஆரம்பித்தேன். தொட்டிக்கு இரண்டு மூடி.

இதற்கு நான் என் தம்பியைப்பற்றிச் சொல்ல வேண்டும். ஏரவாடாவில் நாங்கள் இருந்த வரிசை வீடுகளுக்கெல்லாம் பொதுவில் ஒரே குழாய். எனக்கு ஒன்பது வயது. தண்ணீர் பிடித்து வருவது என் வேலை. மழைக்காலம். தம்பிக்கு நாலு வயது. காலையில் வயிறு போக ஆரம்பித்தது, மறுநாள் சாயங்காலத்துக்குள் போய்விட்டான். நீ பிடித்து வந்த தண்ணீர்தான் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அந்தக் குடத்தைத் தூக்கி வந்தது என் இடுப்பு. அதற்குப் பின்னால் மாநகராட்சியிலிருந்து பெண்கள் வீடு வீடாக வந்து சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் குளோரின் கொடுத்தார்கள், ஒரு குடத்துக்கு இத்தனை சொட்டு என்று காட்டிக்கொடுத்தார்கள். ஏரவாடாவில் என் வயதுப் பெண்கள் எல்லோர் வீட்டிலும் அந்தச் சொட்டு உண்டு. ஆனால் நான் அதை விட்டதே இல்லை. கல்யாணமாகிப் போன வீட்டிலும் போட்டேன், பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஃப்ளாஸ்கிலும் போட்டேன். சொட்டுப் போடாத தண்ணீரை இன்னொரு உயிர் குடிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அது மனுஷ உயிராக இருக்க வேண்டும் என்பதில்லை.

குடிக்கிற குடத்தில் நான் சொட்டுப் போடுவது அவருக்குத் தெரியும். தொட்டியில் போடுவதைச் சொல்லவில்லை. மறைக்கவில்லை, சொல்லத் தோன்றவில்லை. உப்புப் போட்டேன் என்று யாராவது வந்து சொல்வார்களா? மூக்கு இருக்கிற மனுஷனாக இருந்திருந்தால் வாளியைக் கிண்டும்போதே கேட்டிருப்பார்.

ஏப்ரல் இரண்டாம் வாரம் குட்டிகளுக்கு வயிறு போக ஆரம்பித்தது. கூண்டுக்குக் கீழே பார்த்ததும் அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். உள்ளே போய் டப்பாவை எடுத்துவந்து, பொடியை அன்றைக்கு ஒரு ஸ்பூன் கூட்டிப் போட்டார். தொட்டித் தண்ணீர்தான் காரணமாக இருக்கும் என்று நான் மருந்தை ஒரு மூடி கூட்டினேன். மூன்று நாள் கழித்து அவர் இன்னும் கொஞ்சம் கூட்டினார். நானும் கூட்டினேன். ஒரே தண்ணீரில் இரண்டு பேரும் இரண்டு பக்கமிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது இரண்டு பேருக்கும் தெரியாது.

மத்தியானத்தில் வாளிகளில் தண்ணீர் குறையாமல் நின்றது. இந்த வெயிலில் ஏன் குடிக்க மாட்டேன் என்கின்றன என்று அவர் வாளியையே பார்த்துக்கொண்டு நிற்பார். காது துடைப்பதை மூன்று தடவையிலிருந்து ஐந்து தடவையாக்கினோம். எனக்குக் கை மரத்துப்போய்த் துணியைப் பிழிய முடியாமல், அவர் பிழிந்து பிழிந்து என்னிடம் கொடுத்தார். தினமும் ஒன்றோ இரண்டோ போய்க்கொண்டிருந்தன. டாக்டர் வந்து பார்த்தார். வேண்டுமானால் சரியான மருந்தை ஊசியாகப் போடுகிறேன், தப்பில்லை என்றார். இவர் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றுவிட்டார். மருந்து என்ற வார்த்தையைக் கேட்டாலே அவருக்கு அந்தக் குழி ஞாபகம் வந்திருக்க வேண்டும். எல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள், ஏன் குணமாகவில்லை என்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டு டாக்டர் பைக்கை எடுத்தார். அது இவருக்கு ஆறுதல் என்று நினைத்துச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தும் சாகிறது என்றால் மிச்சம் இருப்பது கைதானே என்று இவர் எடுத்துக்கொண்டார்.

மே மாதம் முதல் வாரத்தில் தயிர்ப்பொடி டப்பா தீர்ந்தது. புது டப்பாவைப் பிரித்து வைக்கச் சொல்லிவிட்டு அவர் தழை அறுக்கப் போயிருந்தார். டப்பாவுக்குள் நான்காக மடித்த ஒரு காகிதம் இருந்தது. ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் மராட்டி. எனக்கு மராட்டி கடை போர்டு படிக்கிற அளவுக்கு வரும். வேலையிலிருந்து கொஞ்ச நேரம் தப்பிக்கத்தான் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். குளோரின் கலந்த தண்ணீரில் இந்தப் பொடியைக் கலக்கக் கூடாது, கலந்தால் கிருமிகள் செத்துவிடும், அப்படிப்பட்ட தண்ணீர்தான் கிடைக்கும் என்றால் ஒரு நாள் முழுக்கத் திறந்த பாத்திரத்தில் வெயிலில் வைத்துவிட்டுப் பிறகு கலக்கவும் என்று இருந்தது. மறுபடி முதலிலிருந்து படித்தேன். குளோரின் வாசனை பிடிக்காமல்தான் தண்ணீரும் குடிக்காமல் கிடந்திருக்கின்றன என்று அப்போதுதான் உறைத்தது. அவர் இந்தக் காகிதத்தை ஜனவரியிலேயே படித்தவர்தான். அப்போது எங்களிடம் இருந்தது போர்த் தண்ணீர். அந்த வரி தனக்கில்லை என்று தாண்டிப் போயிருப்பார்.

ஒன்பது வயதில் குடத்தோடு நின்றதும் இதுவும் ஒன்றாகிவிட்டது. சாப்பாட்டுக்கு வரட்டும், வந்ததும் முதல் வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டும் என்று தட்டை எடுத்துவைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

அவர் வந்தார். கை கழுவினார். தட்டின் முன்னால் உட்கார்ந்து, நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார். தழை அறுக்கும்போதே பெண்ணுக்குப் போன் பண்ணிவிட்டாராம், வந்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டாராம். சாத்தாராப் பக்கம் முயல் வளர்க்கிற ஒருவர் பிழைத்திருப்பவற்றையும் கூண்டுகளையும் எடுத்துக்கொள்ளத் தயார் என்றாராம். மாதக் கடைசிக்குள் டெம்போ வந்துவிடும். "உன்னை ரொம்பப் பாடு படுத்திட்டேன். போதும்" என்றார்.

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் காகிதம் என் புடவை மடிப்பில்தான் இருந்தது. ஆனால் அவர் போதும் என்று சொன்னதும் என் முழங்கால் இரண்டும், இடுப்பும், மரத்த விரல்களும் ஒரேயடியாகத் தளர்ந்து உட்கார்ந்துவிட்டன. அவ்வளவு நிம்மதி. நான் இதைச் சொன்னால் மனுஷன் துள்ளி எழுந்துவிடுவார், டெம்போவை வேண்டாம் என்பார், இன்னும் பத்துக் கோடை நான் காது துடைக்க வேண்டும். சாம்பாரை ஊற்றினேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை. ஆனால் தொட்டியில் மருந்து ஊற்றுவதை அன்றைக்கே நிறுத்திவிட்டேன். டேங்கர் தண்ணீரை அப்படியே கொடுக்கவும் மனசு வரவில்லை. பழைய டிரம்களில் பிடித்து மருந்து விட்டு, காகிதத்தில் போட்டிருந்தபடி ஒரு நாள் முழுக்க வெயிலில் திறந்து வைத்து, மறுநாள் தொட்டிக்கு மாற்றினேன். டிரம் எதற்கு என்று அவர் கேட்டார். "மண்ணு படியட்டும்னு வச்சிருக்கேன்" என்றேன். நான் அவரிடம் சொன்ன பொய்கள் அதிகமில்லை. அது அதில் ஒன்று. ஏற்கெனவே போன இடுப்புக்கு டிரம் தூக்குகிற வேலையும் சேர்ந்தது. அது எனக்கு வேண்டியதுதான் என்று தூக்கினேன்.

நான்காம் நாள் வாளித் தண்ணீர் மத்தியானத்துக்குள் காலியானது. ஆறாம் நாள் கூண்டுக்குக் கீழே உருண்டை உருண்டையாகப் புழுக்கை விழுந்தது. ஏழாம் நாளுக்குப் பின் ஒன்றுகூடச் சாகவில்லை. அவர் குனிந்து அந்தப் புழுக்கையைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று நான் கிட்டே போனேன். அவர் வானத்தைப் பார்த்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் இடியோடு ஒரு கோடை மழை கொட்டி, வெயில் தணிந்திருந்தது. மழை பெய்ததும் தானாகச் சரியாகிவிட்டது பார், நம் பொடியிலும் இல்லை, நம் கையிலும் இல்லை என்றார். நான் திரும்பி வந்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வாய் வரவில்லை.

பதினோராம் நாள் டெம்போ வந்தது. வாங்க வந்தவர் நல்ல மனுஷர். முயலைக் காதைப் பிடித்துத் தூக்காமல், பின்பக்கத்தைத் தாங்கித் தூக்கினார். இவர் ஒவ்வொரு கூண்டாகத் திறந்து, ஒவ்வொன்றையும் நெஞ்சோடு அணைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். எது சரியாகத் தின்னாது, எது குட்டியை மிதிக்கும், எதற்குப் பாட்டில் இரண்டு வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார். தயிர்ப்பொடி டப்பாவையும் கொடுத்தார். உங்கள் கைக்கு இது வேலை செய்யும், என் கைக்குத்தான் செய்யவில்லை என்று மராட்டியில் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. கடைசி வரிசைக்குப் போகும்போது இவர் முழங்கையைப் பிடித்துக் கொட்டகைக்குள் இழுத்துவந்தேன்.

"உங்க கையில ஒண்ணும் இல்லைங்க. பொடி நல்ல பொடி. நான்தான் தொட்டியில தினம் குளோரின் ஊத்தினேன். மார்ச்சுலேர்ந்து. அதுதான் எல்லாத்தையும் கொன்னுடுச்சு."

காகிதத்தையும் எடுத்து நீட்டினேன். அவர் வாங்கினார், கண்ணாடி இல்லாமல் தூரப் பிடித்துப் பார்த்தார். ஒரு நிமிஷம் அவர் முகத்தில் ஏதோ மாறியது போலத் தெரிந்தது. பிறகு காகிதத்தை மடித்து என் கையிலேயே வைத்து, அந்தக் கையை மூடினார்.

"ஜாவூதே" என்றார். போகட்டும் என்று மராட்டியில். "எனக்கு மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு உன் தலையில இழுத்துப் போட்டுக்கற. இதெல்லாம் உனக்குத் தெரிஞ்சிருந்தா அன்னிக்கே ஓடிவந்து சொல்லியிருப்ப. உன்னைய எனக்குத் தெரியாதா?"

இல்லை, நிஜமாக ஊற்றினேன் என்றேன். கொஞ்சம் ஊற்றியிருப்பாய், அதனால் இவ்வளவு ஆகாது, மழை வந்ததும் சரியாயிற்றே பார்த்தோமே என்றார். வெளியே டெம்போக்காரர் ஹாரன் அடித்தார். இவர் கடைசி ஆண் முயலைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

இப்போது வானவடியில் இருக்கிறோம். திரை நீலமாகத்தான் இருக்கிறது. மத்தியானத்தில் ஃபேனைப் போட்டுக்கொண்டு காலை நீட்டிப் படுக்கிறேன். தூக்கம் வருவதில்லை. அவர் காலையில் ராணுவக் குடியிருப்புச் சுவர் ஓரமாக நடந்துவிட்டு வந்து பேப்பர் படிக்கிறார். பால்கனித் தொட்டிகளுக்குத் தண்ணீர் விடச் சொன்னால் என்னை விடச் சொல்கிறார். தன் கை பட்டால் செடி வாடிவிடும் என்று வேடிக்கையாகச் சொல்வது போலச் சொல்கிறார். போன வாரம் பெண்ணிடம் டெம்போ நாள் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "உங்கம்மா எப்படிப்பட்டவ தெரியுமா, பழியை அவ மேல போட்டுக்கிட்டு என்னைக் காப்பாத்தப் பார்த்தா" என்றார். தடுமாறித்தான் என் பெண்ணுக்குத் தமிழ் வரும். அவள் வந்து என் தோளைக் கட்டிக்கொண்டு, "நீங்க கிரேட்மா" என்றாள்.

தண்ணீரில் ஊற்றியதை அதற்குப் பின்னும் இரண்டு தடவை அவரிடம் சொல்லிவிட்டேன். இரண்டு தடவையும் சிரித்தார். காகிதத்தைப் படித்துவிட்டுப் பதினொரு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்ததை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் நம்பிவிடுவார்.